சாலிட் ஆக்ஸில் கிட்: பெட்டியில் வருவதும் வராததும்

ஐஎஃப்எஸ் (முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு) உள்ள பழைய டொயோட்டா ஹைலக்ஸ், சர்ஃப் வண்டிகளுக்கு முன்பக்கம் சாலிட் ஆக்ஸில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு) பொருத்த, அமெரிக்காவிலிருந்து வரவழைத்து வெல்டிங் செய்து மாட்டும் கிட்டைப் பற்றிய மதிப்பீடு இது. சிங்கப்பூரில் சரக்கு வாகனத்துக்கு ஆயுள் 20 ஆண்டுதான். அந்தக் காலத்து ஹைலக்ஸ் இனி நம் சாலையில் ஓட முடியாது. அதனால் ஜொகூரில் மலேசியப் பதிவெண்ணோடு நின்று, வார இறுதியில் செம்மண் சேற்றுக்குள் இறங்கும் வண்டியை மனத்தில் வைத்தே கணக்குப் போட்டிருக்கிறோம்.

கிட்டின் விலையைப் பார்த்ததும் "இவ்வளவுதானா" என்று தோன்றும். ஏமாந்துவிடாதீர்கள். கிட் ஒரு பங்கு என்றால், வண்டி ஒழுங்காக ஓடும் நிலைக்கு வர மொத்தம் மூன்று பங்காவது கையில் வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. பெட்டியில் பொதுவாக வருபவை முன் ஸ்பிரிங்கைச் சேஸியில் மாட்டும் ஹேங்கர், ஷேக்கிள்கள், ஒரு ஜோடி லீஃப் ஸ்பிரிங், நான்கு யு போல்ட், ஷாக் மாட்டும் வளையங்கள். விலை கூடிய கிட்டில் ஸ்டியரிங் கைகளும் கம்பிகளும் சேரும். ஆக்ஸில் வராது. கியர், புரொப்பெல்லர் ஷாஃப்ட், நீளமான பிரேக் ஹோஸ் எதுவும் வராது.

ஹேங்கர், ஷேக்கிள் வகையறாவைக் குறைசொல்ல மாட்டோம். தகடு தடிமனானது, அளவும் சரியாக இருக்கும். ஐஎஃப்எஸ் பிராக்கெட்டுகளை வெட்டி, சேஸியைச் சமமாகத் தேய்த்தெடுப்பதுதான் நேரத்தைத் தின்னும். கூலியைப் பேசும்போது அந்த வேலையையும் சேர்த்துப் பேசுங்கள்.

சிக்கல் ஸ்டியரிங்கில் இருக்கிறது. அமெரிக்க கிட் ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள வண்டிக்குச் செய்தது. அங்கே டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) இடப்பக்க பாக்ஸிலிருந்து வலது சக்கரத்துக்குப் போகும். நமக்கு வலப்பக்க பாக்ஸிலிருந்து இடது சக்கரத்துக்குப் போக வேண்டும். அதாவது, டிராக் லிங்க், டை ராட் (இரு சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) இரண்டுக்கும் துளை உள்ள ஸ்டியரிங் கை இடப்பக்கம் வரவேண்டும். இதைக் கேட்டுக்கொள்ளாமல் முழு கிட்டையும் வாங்கினால், ஸ்டியரிங் பாகங்களுக்குக் கொடுத்த காசு மூலையில் கிடக்கும். ஸ்டியரிங் இல்லாத கிட்டை அமெரிக்காவில் வாங்கி, ஸ்டியரிங் பாகங்களை மட்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து எடுப்பதே புத்திசாலித்தனம். அங்கேயும் நம்மைப் போல ஸ்டியரிங் வலப்பக்கம்தான்.

ஆக்ஸிலை முன்னே தள்ளி வைத்தால் ஸ்டியரிங் பாக்ஸையும் முன்னே நகர்த்த வேண்டியிருக்கும். பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேஸிக்கு வெளித்தகடு வைத்து, போல்ட் போகும் துளைகளுக்குள் குழாய் செருகி வெல்டிங் செய்ய வேண்டும். பெரிய டயர் கல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முழு விசையும் அந்த இடத்தில்தான் இறங்கும். தகடு வைக்காத சேஸி அங்கேதான் விரிசல் விடும்.

ஆக்ஸிலுக்கு எங்கள் தேர்வு எல்என்106 ஹைலக்ஸின் முன் ஆக்ஸில். தொழிற்சாலையிலிருந்தே சாலிட் ஆக்ஸிலோடு வந்த வண்டி அது. வலப்பக்க ஓட்டுநர் வண்டியின் பாகங்களும் அதிலேயே கிடைக்கும். ஆனால் ஐஎஃப்எஸ் வண்டியின் பின் ஆக்ஸிலைவிட இந்த வகை முன் ஆக்ஸில் சுமார் 3 அங்குலம் குறுகலானது. பக்கத்துக்கு சக்கரத்தை வெளியே தள்ளும் ஒன்றரை அங்குல ஸ்பேசரையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். முழு எல்என்106 வண்டியே நல்ல சேஸியோடு விற்பனைக்கு வந்தால், கிட்டை மறந்துவிட்டு அதை வாங்குங்கள். பெரும்பாலும் அதுதான் மலிவாக முடியும்.

பழைய ஆக்ஸிலைத் திறக்காமல் மாட்டவே கூடாது. நக்கிளிலிருந்து (ஆக்ஸில் முனையில் சக்கரம் திரும்பும் மூட்டு) சாம்பல் கறுப்பாகக் கூழ் வடிந்தால், உள் சீல் போய் டிஃப் (டிஃபரன்ஷியல்) எண்ணெயும் கிரீஸும் கலந்துவிட்டன என்று அர்த்தம். ஒரு ஆக்ஸிலுக்கு, நக்கிள் திரும்ப உதவும் டிரன்னியன் பேரிங் 4, வீல் பேரிங் 4, உள் சீல் 2, வைப்பர் சீல் 2 செட், ஹப் சீல் 2 வேண்டும். திரும்பும் சக்கரத்துக்கு விசை கடத்தும் பிர்ஃபீல்ட் ஜாயின்ட்டில் கோலி ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

பட்ஜெட்டை டயரிலிருந்து தொடங்குவது நல்லது. 31 அங்குல டயரும் 4.10 விகித டிஃப் கியரும் உள்ள வண்டிக்கு 35 அங்குலம் போட்டால், பழைய இழுவை திரும்ப வர 4.10ஐ 35ஆல் பெருக்கி 31ஆல் வகுக்க வேண்டும். 4.63 வரும். கிடைப்பது 4.56 அல்லது 4.88. சேற்றுக்கு 4.88. முன்னும் பின்னும் ஒரே விகிதம் இல்லாவிட்டால் நான்கு சக்கர ஓட்டத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) முறுக்கேறி உடையும். ஆகவே கியர் செட் இரண்டு, பேரிங் செட் இரண்டு, செட்டிங் கூலியும் இரண்டு. 8 அங்குல டொயோட்டா டிஃபுக்கு பேக்லாஷ் (கியர் பற்களுக்கிடையே விடும் இடைவெளி) 0.13 முதல் 0.18 மிமீ வரை. டயல் கேஜ் வைக்காமல் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

சரக்குக் கட்டணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிங்கப்பூருக்கு வரவழைத்தால் 9% பொருள் சேவை வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, சரக்குக் கட்டணமும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கு விழும். 3,000 வெள்ளிப் பொருளுக்கு இவை இரண்டும் 1,000 வெள்ளி என்றால் வரி 360 வெள்ளி. பொருளைக் கடற்பாலத்தில் எடுத்துச் செல்லும்போது மலேசியச் சுங்கத்திடமும் அறிவிக்க வேண்டும். நேராக ஜொகூர் பட்டறை முகவரிக்கே அனுப்பச் சொன்னால் இரட்டைச் செலவு இருக்காது. சேஸியில் கைவைக்கும் முன் ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதலைப் பற்றிப் பட்டறையிடம் தெளிவாகக் கேளுங்கள். ஒப்புதல் இல்லாத வண்டிக்கு விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம்.

ஆக்ஸில் மேல் ஸ்பிரிங் உட்காரும் தட்டுகளை முதலில் புள்ளி வெல்டிங்கில் மட்டும் நிறுத்தி, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கிய பிறகு கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) அளந்து பாருங்கள். 3 முதல் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் கையை உதறும். டிரன்னியன் பேரிங் தளர்ந்திருந்தாலும் அதே உதறல்தான் வரும், அதனால் அதை முதலில் பாருங்கள். முழு வெல்டிங் அதற்குப் பிறகு.

யு போல்ட்டைக் கழற்றினால் திரும்பப் போடாதீர்கள், புதிது வாங்குங்கள். நக்கிள் மேல் உள்ள ஸ்டியரிங் கை நட்டுகளுக்கு முறுக்கு 96 நியூட்டன் மீட்டர். முதல் காட்டுப் பயணம் முடிந்து வந்ததும் அவற்றையும் யு போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். புது கியர் போட்டிருந்தால் 800 கிலோமீட்டரில் டிஃப் எண்ணெயை மாற்ற வேண்டும்.