டிரெய்லர் இழுக்கும் தாருக்கு எந்தக் கண்ணாடி சரி?

ஆடி, ஆவணியில் வாரத்துக்கு இரண்டு முறையாவது சந்தூர் பக்கத்து நாற்றுப் பண்ணைகளிலிருந்து மா ஒட்டுக்கன்று ஏற்றிக்கொண்டு சேலம் பக்கம் போகிறேன். வண்டி மகிந்திரா தார், பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர். தாரின் அகலம் 1820 மி.மீ. டிரெய்லர் இரண்டு பக்கமும் அதைவிட நாலு விரல் கூடுதல். கன்றுகளை நிற்க வைத்து அடுக்கினால் இலையும் கொம்பும் இன்னும் ஒரு சாண் வெளியே வந்துவிடும். பின்னால் வருவதைப் பார்க்க உள்ளே இருக்கும் கண்ணாடியில் வெறும் பச்சை. கதவுக் கண்ணாடியில் பாதிக்கு மேல் டிரெய்லரின் பக்கப் பலகை.

இரண்டு வருடத்துக்கு முன் தொப்பூர் இறக்கத்தில், முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு சரக்கு வண்டியைத் தாண்ட வலது பக்கம் ஒதுங்கினேன். கண்ணாடியின் ஓரத்தில் ஒரு லாரி சின்னதாக, தூரத்தில் தெரிந்தது. பாதி ஒதுங்குவதற்குள் அதன் ஹாரன் என் முதுகுக்குப் பின்னாலேயே கேட்டது. அந்த ஓட்டுநர் பிரேக்கை மிதித்து நின்றதால்தான் நான் வீடு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வகைக் கண்ணாடியாகப் பார்த்து, சிலவற்றை வாங்கி, ஒன்றைப் பட்டறையில் செய்து மாட்டியிருக்கிறேன்.

லாரி ஏன் தூரத்தில் தெரிந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது. இப்போது வரும் பெரும்பாலான வண்டிகளைப் போல என் கதவுக் கண்ணாடியும் லேசாகக் குவிந்த வகை, அதாவது நடுப்பகுதி வெளியே புடைத்தது. அகலமாகக் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சின்னதாக்கிவிடும். வளைவு ஆரம் 1200 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே 90 செ.மீ. இருந்தால், 20 மீட்டர் பின்னால் வரும் லாரி, தட்டைக் கண்ணாடியில் 50 மீட்டரில் வரும் லாரி அளவுக்குத்தான் தெரியும். வெறும் வண்டியில் பழகிய கண் இதை ஓரளவு தானாகவே சரிசெய்துகொள்ளும். பின்னால் பாரம் இருக்கும்போது வண்டி வேகம் எடுக்கவும் நேரமாகும், நிற்கவும் நேரமாகும். அங்கேதான் கணக்கு தப்புகிறது.

அதற்காகக் குவிக் கண்ணாடியே கூடாது என்றும் சொல்ல முடியாது. 15 செ.மீ. அகலத் தட்டைக் கண்ணாடி வலது பக்கம் ஒரு கண்ணுக்குச் சுமார் 10 டிகிரி அகலம்தான் காட்டும். அதே அளவுக் குவிக் கண்ணாடி 24 டிகிரி காட்டும். இடது பக்கம் கண்ணாடி இன்னும் தள்ளி இருப்பதால் தட்டையில் 6 டிகிரிதான் மிஞ்சும். நம் சாலையில் இடது பக்கமாகப் புகுந்து வரும் பைக்குகளுக்கு 6 டிகிரி எந்த மூலைக்கு? ஆக, வலது பக்கம் தூரத்தைச் சரியாகச் சொல்லும் தட்டை, இடது பக்கம் அகலமாகக் காட்டும் குவி. இரண்டு பக்கமும் இரண்டையும் மேலும் கீழுமாக வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. இந்த அளவுகோலை வைத்துத்தான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

முதலில் வாங்கியது ஒட்டு வட்டக் கண்ணாடி. நூறு, இருநூறு ரூபாய்க்கு எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். வெறும் வண்டிக்கு நல்ல பொருள். டிரெய்லருக்கு உதவாது. அது ஒட்டியிருப்பது பழைய கண்ணாடியின் மேல்தானே, டிரெய்லரைத் தாண்டி எட்டிப் பார்க்க அதற்கு வழியில்லை.

அடுத்தது கவ்விக் கண்ணாடி. இருக்கிற கண்ணாடியின் மேல் பட்டையாலோ திருகுக் கவ்வியாலோ இறுக்கி மாட்டுவது. பிரிட்டனில் கேரவன் (வீடு போல வசதியுள்ள டிரெய்லர்) இழுப்பவர்களிடம் இது சாதாரணம். மிலென்கோ என்ற அங்கத்திய பிராண்டில் தட்டை, குவி இரண்டும் தனித்தனியாக வருகின்றன. வேலை முடிந்ததும் கழற்றி டேஷ்போர்டில் போட்டுவிடலாம், வண்டியில் ஓர் ஓட்டைகூடப் போட வேண்டாம். இதன் பெரிய பலம் அதுதான். நான் வாங்கியது பெயர் தெரியாத ஒரு பட்டை வகை. தார் ரோட்டில் ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது. மண் பாதையில் இறங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தலை குனிந்து, கடைசியில் என் கதவையே எனக்குக் காட்டியது. நடுவில் புகுந்த மணல், கதவுக் கண்ணாடியின் மூடியை உரசிக் கோடு போட்டுவிட்டது. இன்னொன்று, தாரின் கண்ணாடி உருண்டு திரண்ட கட்டையான வடிவம். கவ்விக்குப் பிடிமானம் வேண்டும் என்றால் தட்டையான ஓரம் வேண்டும். திருகுக் கவ்வி வகை பட்டையைவிட நன்றாகப் பிடிக்கிறது என்பதை என் மச்சானின் வண்டியில் பார்த்தேன். வருடத்துக்கு நாலைந்து முறை, அதுவும் நான்குவழிச் சாலையில் மட்டும் இழுப்பவர்களுக்கு இது போதும்.

மூன்றாவது, வண்டியோடு வந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பூட்டும் இழுவைக் கண்ணாடி. வேண்டும்போது கையால் வெளியே இழுத்து நீட்டிக்கொள்ளலாம், வேண்டாதபோது உள்ளே தள்ளிவிடலாம். ஆஸ்திரேலியாவில் கிளியர்வியூ, எம்எஸ்ஏ 4எக்ஸ்4 ஆகியவை இதில் பெயர் பெற்றவை. மேலே தட்டை, கீழே சின்னக் குவி என்று நான் கேட்பது அப்படியே கிளியர்வியூவில் இருக்கிறது. அந்த நாட்டிலும் ஸ்டீயரிங் வலது பக்கம்தான் என்பதால் நமக்கும் ஒத்துவரும். ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், இசூசு டி-மேக்ஸ் போன்றவை வைத்திருப்பவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம் என்பேன், பணம் இருந்தால். ஆஸ்திரேலியாவிலேயே ஒரு ஜோடி பல நூறு டாலர். அதற்கு மேல் கப்பல் கூலியும் சுங்கமும் சேரும். தாருக்கோ பொலிரோவுக்கோ இப்படி ஒன்று விற்று நான் பார்த்ததில்லை. அஞ்செட்டிக் காட்டுப் பாதையில் ஒரு கிளை அடித்து உடைந்தால் கண்ணாடி மட்டும் உள்ளூரில் வாங்கி மாற்றவும் முடியாது.

கேமராவைப் பலர் கேட்கிறார்கள். டிரெய்லரின் பின்பக்கம் பொருத்தி, முன்னால் திரையில் பார்ப்பது. கொக்கி மாட்டும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் இதற்கு இணை எதுவும் இல்லை, அதை மனதாரச் சொல்கிறேன். ஓடும்போது பக்கவாட்டில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று திரை சொல்லாது. செம்மண் புழுதி ஒரு மணி நேரத்தில் லென்ஸை மூடிவிடும். கண்ணாடியை முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம் கேமரா வாங்குங்கள்.

கடைசியில் நான் போய் நின்றது கிருஷ்ணகிரியில் லாரி வேலை செய்யும் ஒரு பட்டறையில். லாரிக்கு மாட்டும் செவ்வகக் கண்ணாடி, அதைத் தாங்கக் குழாயை வளைத்துச் செய்த ஸ்டே. இது எளிது, மலிவு, உடைந்தால் நெடுஞ்சாலையில் எந்த ஊரிலும் மாற்று கிடைக்கும். இதில் ஒரே எதிரி நடுக்கம். முதலில் ஒற்றைக் கம்பியில் கதவுத் தகட்டிலேயே பூட்டினோம். ஐடிலில் நிற்கும்போது பின்னால் நிற்பது பஸ்ஸா லாரியா என்றுகூடத் தெரியவில்லை, படம் அப்படி ஆடியது. கம்பி நீளம் கூடக்கூட ஆட்டமும் கூடும், மெல்லிய கதவுத் தகடும் அதோடு சேர்ந்து ஆடும்.

பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணா, கதவை விடுங்க. கீல் வெளியிலதானே இருக்கு, அதுல புடிப்போம்" என்றார். தாரின் கதவுக் கீல்கள் வெளியே தெரியும்படி இருப்பது இங்கே பெரிய வசதி. கீலின் உடம்புப் பக்கத்தில், கதவில் அல்ல, மேல் கீலில் ஒன்றும் கீழ்க் கீலில் ஒன்றுமாக இரண்டு இடத்தில் குழாயைப் பிடித்து, நடுவில் ரப்பர் வாஷர் கொடுத்தார். முக்கோணமாக நின்றதும் ஆட்டம் அடங்கிவிட்டது. கதவைத் திறந்தாலும் கண்ணாடி நகராது. பழைய கதவுக் கண்ணாடிகளைக் கழற்றவில்லை, இவை கூடுதல்தான். டிரெய்லர் இல்லாத நாளில் கழற்றி வைத்துவிடலாம். வலது பக்கம் பெரிய தட்டை, அதன் கீழ் சின்னக் குவி. இடது பக்கம் பெரிய குவி.

குறை இல்லாமல் இல்லை. காவேரிப்பட்டணம் கடைத்தெருவில் இடது கண்ணாடி ஒருமுறை ஒரு கடையின் பந்தல் கம்பில் மோதியது. நல்லவேளை, ஸ்டேயில் மடங்கும் மூட்டு வைத்திருந்ததால் மடங்கிக்கொண்டது. அந்த மூட்டு இல்லாமல் யாரும் செய்ய வேண்டாம், மோதினால் கீலையே வளைத்துவிடும். இரவில் பின்னால் ஹைபீம் போட்டு வரும் லாரியின் வெளிச்சம் பெரிய தட்டைக் கண்ணாடியில் கண்ணைக் குத்துகிறது. அந்த நேரம் கீழே உள்ள குவியைத்தான் பார்க்கிறேன். வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்தச் சின்னக் குவிதான் கை கொடுக்கிறது, உள்பக்கமாக வெட்டி வரும் டிரெய்லர் சக்கரம் மண் ஓரத்தில் இறங்குகிறதா என்று அதில்தான் தெரியும்.

எவ்வளவு தூரம் வெளியே நீட்டுவது? கண்ணாடியின் வெளி ஓரம் டிரெய்லரின் பக்கத்தைத் தாண்டினால் போதும். பிரிட்டனில்கூட இழுத்துச் செல்லும் கேரவனின் பக்கத்திலிருந்து 250 மி.மீ.க்கு மேல் நீட்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். சரிபார்க்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஐரோப்பிய விதியில் பக்கக் கண்ணாடிக்குச் சொல்லும் அளவு அது: ஓட்டுநரின் கண்ணுக்கு 20 மீட்டர் பின்னால் 4 மீட்டர் அகலத்துக்குத் தரை தெரிய வேண்டும். நெல் அடிக்கும் களத்தில் வண்டியை டிரெய்லரோடு நேராக நிறுத்தி, 20 மீட்டர் பின்னால் டிரெய்லரின் பக்கத்துக்கு நேராக ஒரு கல், அங்கிருந்து வெளிப்பக்கமாக 4 மீட்டர் தள்ளி இன்னொரு கல் வையுங்கள். சீட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி, தலையை அசைக்காமல் இரண்டு கல்லும் தெரிய வேண்டும். என் பழைய கதவுக் கண்ணாடியில் முதல் கல்லே தெரியவில்லை.

இந்தச் சோதனையைப் பாரம் ஏற்றிய பிறகு செய்யுங்கள். கொக்கியில் எடை இறங்கினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு தூக்கும். காலியாக இருக்கும்போது சாலையைக் காட்டிய கண்ணாடி அப்போது வெறும் தரையைக் காட்டும். பட்டறைக்குப் போகும் நாளிலும் கன்று ஏற்றிய டிரெய்லரோடுதான் போங்கள்.