ரோயிங் மெஷின்: காற்றா, காந்தமா, தண்ணீரா?

ரோயிங் மெஷின் என்பது உட்கார்ந்தபடி, படகு வலிப்பதுபோல் கைப்பிடியை இழுக்கும் உடற்பயிற்சி மெஷின்; இழுப்புக்குத் தடை கொடுப்பது காற்றா, காந்தமா, தண்ணீரா என்பதை வைத்து அதில் மூன்று வகை. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற டவுனில் வீட்டுக்கு அதை வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது விலை, அப்புறம் சத்தம். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு: திரையில் வரும் பேஸை நம்பலாமா?

பேஸ் என்பது 500 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் என்ற கணக்கு. 2:30 என்று காட்டினால், அதே வேகத்தில் 2,000 மீட்டருக்கு 10 நிமிடம். 2:00 என்றால் 8 நிமிடம். கேட்க எளிதுதான், ஆனால் 2:30-க்கு ஏறக்குறைய 104 வாட் போதும், 2:00-க்கு 203 வாட் வேண்டும், அதாவது அரை நிமிடம் குறைக்க உழைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரே வாரத்தில் பத்து வினாடி குறையவில்லையே என்று புலம்புகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

இந்தக் கணக்கை ஒழுங்காகப் போடுவது காற்று மெஷின், குறிப்பாக கான்செப்ட்2 என்ற பிராண்ட். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் சக்கரம் எவ்வளவு சீக்கிரம் வேகம் இழக்கிறது என்று அளந்து, அதை வைத்தே பேஸைக் காட்டுகிறது. அதனால் சக்கரக் கூண்டில் செம்மண் தூசி படிந்திருந்தாலும், சக்கரத்துக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் டேம்பரை மாற்றினாலும், ஈப்போவில் எடுத்த 2:20-ம் உங்கள் ஊரில் எடுத்த 2:20-ம் ஒன்றுதான். டேம்பரை 10-இல் வைத்துக்கொண்டு வீரம் காட்டும் பையன்கள் எல்லா ஜிம்மிலும் உண்டு. புதியவருக்கு 3 முதல் 5 வரை போதும், முதுகும் தப்பிக்கும். குறை என்றால் விலை, எட்டு அடி நீளம், அப்புறம் அந்த இரைச்சல்.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் பொதுச் சுவர், பக்கத்து வீட்டு அண்ணன் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார் என்றால் காந்த மெஷின்தான் நல்லது. மலிவு, சத்தமும் குறைவு. ஆனால் பல மலிவு மாடல்கள் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை மட்டும் எண்ணித் தூரமாக்கிவிடும். இழுப்பின் கனத்தைக் காட்டும் லெவலைக் குறைத்து வைத்தால் யார் வேண்டுமானாலும் 1:50 எடுக்கலாம். அதில் பேஸை மறந்துவிட்டு நேரத்தையும் நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு என்பதையும் பாருங்கள்.

தண்ணீர் மெஷின் பார்க்க அழகு, சத்தமும் இதமாக இருக்கும். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்பதைப் பொறுத்து கனம் மாறும். கையில் காசு இருந்து, எண்கள்மேல் ஆசை இல்லாதவர்களுக்கு அது.

எதை வாங்கினாலும் ஆரம்பம் ஒன்றுதான். முதலில் கால் தள்ள வேண்டும், பிறகு உடம்பு சாய வேண்டும், கடைசியில்தான் கை. திரும்பும்போது இதற்கு நேர்மாறாக. நிமிடத்துக்கு 18 முதல் 22 இழுப்பு, பேச முடிகிற அளவு மூச்சு, 20 நிமிடம். இன்னொன்று, தகரக் கூரை வீட்டில் மதியம் இழுத்தால் அதே பேஸுக்கு இதயத் துடிப்பு ஏறிவிடும், ஆகவே விடியற்காலை எண்ணோடு மதிய எண்ணை ஒப்பிடாதீர்கள்.

வாங்குவதற்கு முன் கடையில் ஏறி உட்காருங்கள். ஒரே சீராகப் பத்து இழுப்பு மெதுவாக இழுங்கள், அடுத்த பத்தை அதே தாளத்தில் பலமாக. இரண்டுக்கும் ஒரே தூரம் காட்டினால் அந்தத் திரை இழுப்பை மட்டும்தான் எண்ணுகிறது. பேஸுக்காக வாங்குவதாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.