நாலு சிலிண்டர் வண்டிக்கு ஆறாவது சிலிண்டர் ரிப்பேர்: பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

அப்பாவின் அம்பாசடர் விஷயத்தில் நான் ஏமாந்த கதை இது. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பழைய இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை.

வண்டி 1800 ஐ.எஸ்.இசட்., ஜப்பானிய இசுசு இன்ஜின், எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் பீய்ச்ச தனி இன்ஜெக்டர் உள்ள வகை). தெரிந்தவர்கள் யார் சி.எம்.சி.க்கு வந்தாலும் காட்பாடி ஸ்டேஷனிலிருந்து அப்பா இதில்தான் கூட்டி வருவார். வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வந்தவர்கள் நின்று பானட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். அவர்கள் மாநிலத்தில், உத்தர்பாராவில் செய்த வண்டி ஆயிற்றே. 2014-ல் அங்கே உற்பத்தி நின்றுவிட்டது. அதனால் நல்ல பாகம் ஒன்று கைவிட்டுப் போனால் திரும்பக் கிடைப்பது பெரும்பாடு.

சித்திரை வெயிலில் தொல்லை தொடங்கியது. ஐடிலில், அதாவது இன்ஜின் ஓட வண்டி சும்மா நின்றால், ஸ்டீயரிங்கும் சீட்டும் நடுங்கும். கிரீன் சர்க்கிளில் நிற்கும்போது இரண்டு தடவை இன்ஜின் அணைந்தே போனது. ஆனால் பைபாஸில் 60-ல் போனால் பட்டு மாதிரி ஓடும். பாதி விடை இதிலேயே இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

பட்டறையில் இதை யாரும் கேட்கவில்லை. "இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் சார், பழைய வண்டிக்கு ஒத்துக்காது, பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் போயிருக்கும்" என்றார்கள். பழைய ரப்பருக்கு எத்தனால் ஆகாது என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன். பாதி உண்மை கலந்த பேச்சு என்பதால் நம்பிவிட்டேன். மறுநாள் ஸ்கேனர் படம் ஒன்று வாட்ஸப்பில் வந்தது: பி0306, மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்ற கோளாறுக் குறியீடு). சரி என்று தலையாட்டினேன். பம்ப், நாலு இன்ஜெக்டர், இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ரிப்பேர் என்று 38,500 ரூபாய். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டேன். "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு" என்றார்கள்.

மூன்று வாரத்தில் நடுக்கம் முன்னைவிட மோசமானது.

ஆற்காட்டில் வயதான பாய் ஒருவர் இருக்கிறார், நாற்பது வருடமாக அம்பாசடர் பார்ப்பவர் என்று சித்தப்பா அனுப்பி வைத்தார். அவர் பானட்டைத் திறக்கும் முன்பே, "தம்பி, சூட்டுல நடுங்குதா, ஆறினாலும் நடுங்குதா? ஓட்டத்துல சரியாயிடுதா?" என்று கேட்டார். பிறகு பிளக் நாலையும் கழற்றி வரிசையாக வைத்தார். மூன்று காப்பிக்கொட்டை நிறம். நாலாவது மட்டும் வெளுத்திருந்தது. அந்த சிலிண்டரில் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தமாம். பிளக்குகளை மாட்டி ஸ்டார்ட் செய்து, இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதல் மூன்றில் கழற்றியதும் இன்ஜின் துவண்டது. நாலாவதைக் கழற்றினால் பெரிய மாற்றமே இல்லை. ஸ்குரூடிரைவரை அந்த இன்ஜெக்டர் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைக்கச் சொன்னார். டிக் டிக் என்று திறந்து மூடும் சத்தம் கேட்டது. பெட்ரோல் அழுத்தம் பார்க்க பிரஷர் கேஜ் மாட்டினார், 3 பாருக்குப் பக்கத்தில் ஆடாமல் நின்றது; பம்பில் குறையில்லை.

அப்புறம் சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைச் சுற்றி கார்ப் கிளீனரைச் சொட்டுச் சொட்டாக அடித்தார். (சூடான சைலன்சர் பக்கம் பட்டால் தீப்பிடிக்கும், தயவுசெய்து வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.) நாலாவது சிலிண்டருக்குப் போகும் குழாய்க்கு அடியில் பட்டதும் நடுக்கம் நின்று இன்ஜின் சீரானது. அங்கே விரல் நீள வேக்குவம் ஹோஸ் (ரப்பர் குழாய்) ஒன்று, அடிப்பக்கம் வெடித்திருந்தது. ஐடிலில் காற்றை உள்ளே விடும் த்ராட்டில் மூடியிருப்பதால் மேனிஃபோல்டில் உறிஞ்சல் அதிகம். வெடிப்பு வழியே வரும் காற்று அந்த ஒரு சிலிண்டரின் காற்று-பெட்ரோல் கலவையைக் கெடுத்துவிடும். ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் உள்ளே போகும் மொத்தக் காற்றில் இந்தக் கசிவு தூசு. அதனால்தான் பைபாஸில் ஒன்றும் தெரியவில்லை. ஹோஸ் 60 ரூபாய். கூலி 400 வாங்கினார், அதையும் நான் வற்புறுத்தித்தான்.

வீட்டுக்கு வந்து அந்த வாட்ஸப் படத்தை அப்பாவுக்குக் காட்டினேன். பழைய வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது. கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0306 என்றால் ஆறாவது. எங்கள் வண்டியில் இருப்பதே நாலு. வேறு யாருடைய வண்டியிலோ எடுத்த படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அதைவிட அப்பாவை உடைத்தது இன்னொன்று. தான் சுத்தம் செய்து மாட்டும் ஒவ்வொரு பாகத்திலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பது அவர் வழக்கம். இரண்டு வருடம் முன்பு டெஸ்ட் செய்து மாட்டிய இன்ஜெக்டர் நாலிலும் வைத்திருந்தார். இப்போது இருப்பவற்றில் அந்தப் பொட்டு இல்லை, "புதுசு" என்று விலை போட்டவை. பாய் கழற்றிக் காட்டினார்: பழைய இன்ஜெக்டர்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, புது ஓ-ரிங் மட்டும் போட்டிருக்கிறார்கள். நல்லதை எடுத்துக்கொண்டு எவருடைய கழிவையோ என் காசுக்கே மாட்டியிருக்கிறார்கள். 74 வயதில் அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். முறையான பில் இல்லாததால் யுபிஐ ரசீதும் வாட்ஸப் செய்திகளும்தான் என் கையில் இருக்கின்றன. நல்லவேளை எதையும் அழிக்கவில்லை. வேலைக்கு விடும் முன்பே இன்ஜினைப் படம் எடுத்திருந்தால் அந்தப் பொட்டுகளும் சாட்சியாகியிருக்கும்.

இசுசு இன்ஜெக்டர் நாலு, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பொட்டு. பழைய பாகங்கள் விற்கும் கடையிலோ வேறு யார் வண்டியிலோ உங்கள் கண்ணில் பட்டால் சொல்லுங்கள். விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.