கார்ப் கிளீனர் ஸ்ப்ரே: பழைய புல்லட்டில் போட்டுப் பார்த்த பிறகு

பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அழுக்கைக் கரைக்கும் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் சரியான ஸ்க்ரூடிரைவரும் காற்றடிக்க ஒரு வழியும் கையில் இல்லாதவர்கள் அந்தக் காசை இப்போதைக்குப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்தால் பீய்ச்சி அடித்தாலே எல்லாம் சரியாகிவிடும் போலிருக்கும். அப்படி ஆகாது.

என் வண்டி 1994 மாடல் புல்லட் 350, நம் சென்னை திருவொற்றியூரில் செய்தது. அதில் இருப்பது மைக்கார்ப் விஎம் 24, ஜப்பானின் மிக்குனி வடிவமைப்பில் வந்த கார்புரேட்டர். காலையில் சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகும், சோக்கை எடுத்ததும் அணையும். மூலக்கடை சிக்னலில் ஆக்ஸிலேட்டரை விடாமல் முறுக்கிக்கொண்டே நிற்க வேண்டும். ஓட ஆரம்பித்துவிட்டால் ஒரு குறையும் இல்லை. இந்தக் கடைசி விஷயம் முக்கியம். த்ராட்டில் மூடியிருக்கும்போது பெட்ரோல் பைலட் ஜெட் என்ற சின்னப் பித்தளைத் துண்டின் வழியாக மட்டும்தான் வருகிறது. அதன் துளை முடி நுழையும் அளவுதான். பாதி முறுக்கில், ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடில் தொங்கும் ஊசியும், முழு முறுக்கில் மெயின் ஜெட்டும் அளவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே ஓட்டத்தில் நன்றாக இருந்து ஐட்லிங் (ஆக்ஸிலேட்டரை விட்டதும் இன்ஜின் அணையாமல் ஓடுவது) மட்டும் சரியில்லை என்றால் முதல் சந்தேகம் பைலட் ஜெட் மேல்தான். வண்டி வாரக்கணக்கில் சும்மா நிற்கும்போது கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் ஆவியாகி, பிசின் போல ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும். முதலில் அடைபடுவது அந்தச் சின்னத் துளை.

சாமான் வாங்க ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரிசையாக வண்டிச் சாமான் கடைகள். ஒரு கடையில் கார்புரேட்டர் கிட் (கேஸ்கெட், ஓ-ரிங், ஜெட் எல்லாம் சேர்ந்த மாற்றுச் சாமான் தொகுப்பு) கேட்டேன். வயதான ஒருவர், “கிட்டு வேணும்னா பழசைக் கொண்டு வாம்மா, பார்க்காம தரமாட்டேன்” என்றார். மாடல் சொன்னால் போதாதா என்று கேட்டேன். “மாடல் ஒண்ணுதான். நடுவுல யாரு என்ன கார்ப்ரேட்டரை மாத்தி வச்சாங்களோ, அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது” என்றார். முப்பது வருஷ வண்டிக்கு இதைவிடச் சரியான பேச்சு கிடையாது. ஆன்லைனில் மாடல் பெயரைப் போட்டு கிட் வாங்க நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று ஸ்ப்ரேயையும் ஸ்க்ரூடிரைவரையும் மட்டும் வாங்கினேன். கழற்றிய பிறகு பழைய கார்புரேட்டரையே பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டி கிட்டை வாங்கினேன்.

அந்த ஸ்க்ரூடிரைவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜப்பான் வடிவமைப்புக் கார்புரேட்டர்களில் கிண்ணத் திருகுகளின் தலை சாதாரண ஸ்டார் மாதிரியே தெரியும். ஆனால் நாம் வீட்டில் வைத்திருக்கும் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் அடிவரை உட்காராது. அழுத்தித் திருகினால் வழுக்கி மேலே ஏறி, தலையைத் தேய்த்துவிடும். பல பழைய வண்டிகளில் அந்தத் திருகுகள் மொண்ணையாக இருப்பதற்கு இதுவே காரணம். ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) என்று கேட்டு வாங்குங்கள். அது முழுதாக உட்கார்ந்தது, திருகு ஒரே திருப்பில் விட்டுக் கொடுத்தது. ஸ்ப்ரே தீர்ந்துபோகும், இது வீட்டில் இருக்கும். நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் இதுதான்.

சரி, ஸ்ப்ரேக்கு வருவோம். 500 மில்லி டப்பா, 400 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சிவப்பு நிற மெல்லிய குழாய் ஒன்று கூடவே வரும். வேலையை மொட்டை மாடியில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் கூடவே கூடாது. சாமி விளக்கு, அடுப்பு என்று ஏதாவது ஒன்று எரிந்துகொண்டிருக்கும், இதன் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். குழாயை ஒரு துளையில் வைத்து அடித்தால் எந்தத் துளை வழியாக வெளியே பீய்ச்சும் என்று சொல்ல முடியாது, பல நேரம் முகத்துக்கு நேராக வரும்.

கிண்ணத்தின் அடியில் இருந்த பழுப்பு வண்டலும் வெளிப்புறத்து எண்ணெய்ப் பிசுக்கும் நொடியில் கரைந்தன. கார்புரேட்டர் உடலுக்குள் ஓடும் வழிகளையும் நன்றாகக் கழுவியது. அங்கே முழு மதிப்பெண் தருகிறேன். பைலட் ஜெட்டில் மட்டும் தோற்றது. அடித்து, ஊறவிட்டு, மறுபடி அடித்தும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை பாதி இருட்டு.

இங்கேதான் என் பிழைப்பு கை கொடுத்தது. பல் மருத்துவர்களுக்கு கிரவுன், பிரிட்ஜ் செய்துகொடுக்கும் லேபில் வேலை பார்க்கிறேன். கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளைச் சுத்தம் செய்வது எங்களுக்குத் தினமும் உள்ள வேலை, அதற்கு ஒலி அலையால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசானிக் தொட்டி இருக்கிறது. லேபில் கேட்டுக்கொண்டு, இரண்டு ஜெட்டுகளையும் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றிப் போட்டு, குவளையைத் தொட்டிக்குள் இறக்கினேன். நீர் கலங்கி வந்தது. அப்புறம் கம்ப்ரஸர் காற்று. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது பைலட் ஜெட்டின் துளை முழு வட்டமாக, ஓரம் கூர்மையாக இருந்தது. தொட்டி இல்லாதவர்கள் ஜெட்டை ஸ்ப்ரே திரவத்தில் ஓர் இரவு மூடி ஊறவைத்துவிட்டுப் பஞ்சர் கடையில் காற்றடித்துக்கொள்ளலாம். தயவுசெய்து கேபிள் கம்பியைப் பிரித்து உள்ளே விடாதீர்கள். பித்தளை மென்மையான உலோகம், துளை அகன்றுவிட்டால் பெட்ரோல் கூடுதலாக இறங்கும், பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது.

ஸ்ப்ரேயால் கெடுதலும் உண்டு. ரப்பர் ஓ-ரிங்கில் பட்டால் அது ஊதிப்போகும். மிதவை, ஊசி வால்வு, ரப்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்ட வெறும் உடலில்தான் அடிக்க வேண்டும். பழைய ரப்பர்களுக்கு ஏற்கெனவே சோதனைக் காலம். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் கிண்ணத்தின் அடியில் தேங்கினால் உலோகத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஊரில், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துபவர்கள் கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்துவது நல்லது.

கிட்டில் கேஸ்கெட், ஓ-ரிங், ஊசி வால்வு மூன்றையும் மாற்றினேன். மூன்றும் அளவாகப் பொருந்தின, ஓவர்ஃப்ளோ (பெட்ரோல் வழிவது) இல்லை. அதில் இருந்த ஜெட்டுகளைப் போடவில்லை. லென்ஸில் பார்த்தால் பழைய ஜெட்டின் துளை வேலைப்பாடுதான் நேர்த்தி. அடைப்பு நீங்கிய அசல் ஜெட் இருக்கும்போது அதை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. ஐட்லிங்குக்கான காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன்பே, மென்மையாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊசியின் கிளிப் எந்தக் காடியில் இருக்கிறது என்று போட்டோ எடுங்கள். ஸ்லைடின் வெட்டுப் பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்து இருக்க வேண்டும். ட்யூனிங்கை இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு செய்யுங்கள்.

இப்போது சோக்கை எடுத்த பிறகும் இன்ஜின் அணையாமல் ஓடுகிறது, சிக்னலில் கையை எடுத்தாலும் அந்த நிதானமான அடி மாறுவதில்லை. டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவர்கள் சின்ன டப்பா கிடைத்தால் அதையே வாங்கலாம். மிச்சமாகும் காசில் டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு பெட்ரோல் ஃபில்டர் போட்டுவிடுங்கள், பழைய டேங்கின் துரு கிண்ணம் வரை வராது.