கால்சிட்ரியாலா, சினகால்செட்டா?

டயாலிசிஸில் இருப்பவருக்குப் பாராதைராய்டு ஹார்மோன் (கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் ரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டச் சுரப்பது) ஏறிக்கொண்டே போனால் இந்த இரண்டு மருந்துகளின் பேச்சு வரும். எது நல்லது என்று கேட்பதைவிட, ரத்தத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

கால்சிட்ரியால் என்பது செயல்படும் நிலையிலுள்ள வைட்டமின் டி. நல்ல சிறுநீரகம் தானே தயாரிப்பது. அதை வெளியிலிருந்து கொடுத்தால் ஹார்மோன் சுரப்பு அடங்கும். ஆனால் குடல் கால்சியத்தையும் பாஸ்பரஸையும் கூடுதலாக உறிஞ்சும். ஏற்கெனவே இரண்டும் கூடியிருந்தால் ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியும் ஆபத்து வளரும். கால்சியம் குறைந்தவருக்கு இதுவே பொருத்தம்.

சினகால்செட்டின் வழி வேறு. பாராதைராய்டு சுரப்பியில் கால்சியத்தை உணரும் ஏற்பி ஒன்று உண்டு. அதை இம்மருந்து கூர்மையாக்குவதால், இருக்கும் கால்சியமே போதும் என்று சுரப்பி அடங்கிவிடும். ஹார்மோனோடு கால்சியமும் இறங்கும். அதனால் கால்சியம் கூடியவருக்கு நான் இதன் பக்கம்தான் சாய்வேன். குறைந்தவருக்குத் தொடங்கக் கூடாது. குமட்டல்தான் பெரிய தொல்லை, பலர் அதனாலேயே நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டோடு விழுங்கினால் நல்லது. உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல் நுனியில் ஊசி குத்தும் உணர்வு, தசைப்பிடிப்பு வந்தால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. அப்புறம், சினகால்செட் எடுப்பவர் மாத்திரை போட்டு 12 மணி நேரமாவது கழித்தே ஹார்மோன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும்.