குளோ பிளக்: மீற்றர் வைச்சுப் பாக்கிறதோ, கழட்டிப் பாக்கிறதோ?

மார்கழி விடியப்புறம் மாங்குளத்தில டீசல் லொறிய ஸ்டார்ட் பண்ணேக்க வெள்ளைப்புகை தள்ளி, எஞ்சின் சூடானதும் புகை நிண்டா முதல் சந்தேகம் குளோ பிளக் (குளிர்ந்த டீசல் எஞ்சின ஸ்டார்ட் பண்ண உள்ளுக்க சூடாக்கிற பிளக்) தான். மீற்றர் எண்டா கொஞ்ச நேர வேலை, வயரக் கழட்டிப்போட்டு பிளக் முனைக்கும் எஞ்சினுக்கும் இடையில ஓம் (மின்தடை) பாக்கோணும், 12 வோல்ட் பிளக் 1 ஓம் கிட்டக் காட்டினா சரி, ஒண்டுமே காட்டாட்டி செத்துப்போச்சு. ஆனா அரைகுறையாச் சூடாகிற பிளக் இதில தப்பிடும். கழட்டி பற்றறில குடுத்தா நுனி சிவக்குதோ எண்டு கண்ணால காணலாம் (பிளக்கில எழுதின வோல்ட்டப் பாத்துக் குடுங்கோ, இல்லாட்டி எரிஞ்சிடும்). பழைய எஞ்சினில கழட்டேக்க முறிஞ்சா சிலவேளை எஞ்சின்ர மேல்மூடி ஹெட்டையே இறக்கோணும், அந்தப் பயத்தில நான் முதல்ல மீற்றர் தான். பிளக் எல்லாம் நல்லாயிருந்தும் புகைச்சா ரிலேய (பிளக்குக்குக் கரண்ட் விடுற சுவிச்), இன்ஜெக்டர (டீசல் பீச்சிறது) பாருங்கோ.