எக்செல் பட்டைகளோடு சில வருடங்கள்

கணக்கு அலுவலகத்தில் வேலை. வங்கி அறிக்கை, வாடிக்கையாளர் அனுப்பும் எக்செல், வரித்தாக்கலுக்கான மேக்ரோ (எக்செலுக்குள் ஓடும் சிறு நிரல்) கருவி என்று நாள் முழுக்க எதையாவது டவுன்லோட் செய்துகொண்டே இருப்போம். திறந்ததும் மேலே மஞ்சள் எச்சரிக்கைப் பட்டை. மேக்ரோ கோப்பு என்றால் சிவப்புப் பட்டை, அதில் அனுமதி கொடுக்கும் பொத்தானே இருக்காது. புது மென்பொருள் நிறுவப் போனால் விண்டோஸின் நீல எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வந்து வழிமறிக்கும்.

இவை எல்லாமே ஒரே ஒட்டுச்சீட்டைப் பார்த்துத்தான் வருகின்றன. பிரவுசரோ மெயில் மென்பொருளோ கோப்பைச் சேமிக்கும்போது, 'இது இணையத்திலிருந்து வந்தது' என்று ஒரு சிறு குறிப்பையும் அதனுடன் சேர்த்து வைக்கிறது. ஜோன் ஐடென்டிஃபையர் என்று பெயர். 2004-ல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கில் ஆரம்பித்த ஏற்பாடு. விண்டோஸ் கணினி டிரைவின் வழக்கமான வடிவமான என்டிஎஃப்எஸ் போன்றவற்றில்தான் அது தங்கும். 'பென்டிரைவில் போட்டுத் திறந்தால் எதுவும் கேட்காது' என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு வைத்தியம் நெடுநாள் ஓடியது. பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் என்ற வேறு வடிவங்களில் இருக்கும். அங்கே நகலெடுத்ததும் குறிப்பு உதிர்ந்துவிடும், அவ்வளவுதான். வைரஸ் இருந்தால் அது பத்திரமாகக் கூடவே வரும்.

எனக்கு உண்மையில் வேலையைக் குறைத்தது ஜிப் கோப்பைக் கையாளும் முறைதான். ஜிப்பை விண்டோஸே பிரித்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பின் மேலும் அதே குறிப்பு ஏறிவிடும். ஒரு ஜிப்பில் ஒரு வருடத்து பில்கள் இருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக நம்மைக் கேள்வி கேட்கும். அதனால் பிரிப்பதற்கு முன்பே ஜிப் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸ் போய், ஜெனரல் பக்கத்தின் அடியில் உள்ள 'அன்பிளாக்' கட்டத்தில் டிக் போட்டு ஓகே. அப்புறம் பிரித்தால் எல்லாம் சத்தமில்லாமல் திறக்கும். ஏற்கெனவே பிரித்துவிட்டீர்கள் என்றால் விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் 'அன்பிளாக்-ஃபைல்' கட்டளை இருக்கிறது, மொத்தமாக நீக்கிவிடலாம். அனுப்பியவர் யார் என்று தெரிந்த ஜிப்புக்கு மட்டும்தான் இதைச் செய்கிறேன்.

மேக்ரோ கருவிக்கும் இதே டிக்தான் மருந்து. 2022-க்கு முன்பு பட்டையிலேயே 'எனேபிள் கன்டென்ட்' இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவோம். இணையத்திலிருந்து வந்த கோப்புகளுக்கு அந்த வழியை அடைத்துவிட்டார்கள். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் 'இன்வாய்ஸ்' என்ற பெயரில் யார் யாரோ அனுப்பும் இணைப்புகளைத் தினமும் பார்க்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்த அடைப்பு தேவைதான்.

மஞ்சள் பட்டையை இப்போது பெரும்பாலும் தொடுவதே இல்லை. தொகையைப் பார்க்கவோ நகலெடுத்து வேறு ஷீட்டில் ஒட்டவோ 'எனேபிள் எடிட்டிங்' வேண்டாம். திருத்தவோ பிரின்ட் எடுக்கவோ மட்டும்தான் அழுத்த வேண்டும்.

அலுவலகப் பொது ஃபோல்டரை ஐபி எண் போட்டுத் திறந்தால், பக்கத்து அறைக் கணினியையும் விண்டோஸ் இணையம் என்றே நினைத்துக்கொள்ளும். இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் 'லோக்கல் இன்ட்ராநெட்' பட்டியலில் அந்த முகவரியைச் சேர்த்த பிறகு தொல்லை நின்றது. 2025 அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகு டவுன்லோட் செய்த பிடிஎஃப்புக்கு ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ப்ரிவியூ வராமல் போனதும் இதே குறிப்பினால்தான், அதற்கும் அன்பிளாக்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரையே எக்செலில் 'டிரஸ்டட் லொகேஷன்' ஆக்கிவிடு என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அங்கே வந்து விழும் எந்த மேக்ரோவும் கேள்வியே இல்லாமல் ஓடும்.

நீலப் பெட்டிக்கு மட்டும் சுருக்குவழி எதையும் நான் பயன்படுத்துவதில்லை. அதிகம் பேர் இறக்காத, டிஜிட்டல் கையெழுத்து இல்லாத மென்பொருள் நல்லதாகவே இருந்தாலும் அது தடுக்கும். தனியாள் எழுதிய சின்னச் சின்னக் கருவிகள் இதில்தான் மாட்டுகின்றன. உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கியதுதானா என்று பார்த்துவிட்டு, 'மோர் இன்ஃபோ', பிறகு 'ரன் எனிவே' என்று அழுத்துகிறேன்.